பெயர் இல்லாத காணியின் பார்த்தீனியம்

சென்ற மாதம் என் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவர் துஷ்யந்தி. நான் ஓய்வு பெற்ற பிரிவில் இப்போது விவசாயப் போதனாசிரியராக இருப்பவர். படத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு செடிக்கூட்டம். கரட் இலை போன்ற இலை, நுனியில் சோற்றுப் பருக்கை அளவில் வெள்ளைப் பூ. அதற்குப் பின்னால் ஒரு கிணற்றுக்கட்டு. அதற்கும் பின்னால் துருப்பிடித்த முட்கம்பி.

சற்று நேரத்தில் அவரே அழைத்தார்.

"ஐயா, பார்த்தீனியம்தானே?"

"ஓம்."

"எனக்கும் தெரியும். அதுக்காக எடுக்கேல்லை. இப்ப எல்லாம் போனிலதான் அனுப்பவேணும். படத்தைப் போட்டு, இடத்தைக் காட்டி, காணிக்காரரின்ர பெயரும் இருந்தால்தான் மேல போகும். பெயர் இல்லாட்டி அது வாங்காது. இந்தக் காணிக்குப் பெயர் தானா வருது. ஆனா ஊரில கேட்டால் ஒருத்தரும் முகத்தைப் பாத்துக் கதைக்கினமில்லை. நீங்கள் இஞ்ச கனகாலம் இருந்தனீங்கள். ஆளைத் தெரியுமோ?"

பெயரை வாசித்தார். தெரியும் என்றேன். பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய பதில்தான். அந்த வரிக்கு முன்னால் நடந்தவற்றை முதலில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் இந்த வேலைக்கு வருமுன் ஒரு பத்திரிகைக்குப் பிராந்தியச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவன். பிறகு விவசாயப் பாடசாலை, பயிற்சி, நியமனம். ஆக்கிரமிப்புத் தாவரங்களைப் பற்றி எங்களுக்குப் படிப்பித்தது ஒரே ஒரு பிற்பகல். வெளியிலிருந்து வரும் செடியை நாட்டுக்குள் விடாதே, வந்துவிட்டால் சீக்கிரம் கண்டுபிடி, கண்டால் அழி, அழிக்க முடியாவிட்டால் பரவாமல் மறி. அரசாங்கத்தின் கடமை இவ்வளவுதான் என்று விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதினார். நான்கு வினைச்சொற்கள். எழுவாய் இல்லை. அது அன்று எனக்குப் படவில்லை.

எழுவாயைப் பற்றி ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் உதவிப் பணிப்பாளர் இராசநாயகம். மெலிந்த மனிதர். குரலை உயர்த்த மாட்டார். கள வேலைக்கும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில்தான் வருவார். எந்த வயலிலிருந்து ஏறினாலும் வாகனத்தின் படியில் உட்கார்ந்து இரண்டு சப்பாத்தையும் கழற்றி, அடியோடு அடி சேர்த்துத் தட்டுவார். பிறகு காற்சட்டையின் மடிப்பை அவிழ்த்து உதறுவார். அவர் தட்டி முடியும்வரை சாரதி இயந்திரத்தை இயக்கக்கூடாது. மற்றவர்களும் தட்டியாக வேண்டும். "ஐசே, காலைத் தட்டும். விதை சம்பளம் வாங்காமல் வேலை செய்யும்" என்பார். வயல் செய்யும் கமக்காரர்கள் அவருக்குச் செருப்புத்தட்டியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

செடியின் பெயரை வேரைப் பார்க்காமல் சொல்ல மாட்டார். வாகனத்தின் முன்மூடியில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, பிடுங்கிய செடியை வேர், தண்டு, இலை, பூ என்று பிரித்து வைத்துப் பார்த்த பிறகே வாய் திறப்பார். அதன் பின் அவர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான், காணி யாருடையது என்று: "காணி ஆற்றை?"

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் காலபோக நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு நாள், வெளிமாவட்டத்திலிருந்து வந்த வெட்டு மெசின் ஒன்றை அவர் வாய்க்கால் வீதியில் மறித்தார். கழுவாமல் வயலில் இறக்கக்கூடாது என்றார். வானம் கறுத்துக் கிடந்தது. வயல்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன ஐயா, மெசின் சாமத்தியப்பட்டிட்டுதோ? தண்ணி வாக்கச் சொல்லுறியள்!" என்றார் ஒருவர். பெரியபிள்ளையான பெண்ணுக்குத் தண்ணீர் வார்க்கும் சடங்கை நினைத்துக் கூட்டம் சிரித்தது.

"ஓம். சடங்குக்கு எல்லாரும் வாங்கோ. வாளியோட வாங்கோ" என்றார் இராசநாயகம், அதே தாழ்ந்த குரலில்.

வெட்டுத் தலைப்பகுதியிலும் சல்லடைகளிலும் அடைந்திருந்த பதரைக் கிளறி எடுத்து, தாளில் பரப்பி, பேனை முனையால் ஒதுக்கினார். எள்ளிலும் சிறிய கறுப்பு விதைகள் தனியே ஒதுங்கின. பெயர் சொல்லவில்லை. ஒரு கடதாசிப் பொட்டலத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு எங்கள் அலுவலக வாசலில் ஒரு சட்டியில் அவை முளைத்தபோது எல்லாம் பார்த்தீனியம்.

மெசினைக் கழுவி இறக்கப் பின்னேரமாகிவிட்டது. கடைசி வயலுக்கு அது போய்ச் சேருமுன் மழை பிடித்துக்கொண்டது. கதிர் சாய்ந்து சேற்றில் படுத்தது. இராசநாயகம் மழையில் நடந்து போய் அந்த வயல்காரரின் முன்னால் நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை.

"மறிச்சது நான். முறைப்பாடு எழுதுறதெண்டால் திணைக்களம் எண்டு எழுதாதேங்கோ. என்ர பெயரை எழுதுங்கோ" என்றார்.

திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: "பொறுப்பு எண்டது ஒரு ஆளின்ர பெயர், ஐசே. அவர் குந்தியிருக்கிற கதிரையின்ர பெயர் இல்லை."

இனி நான் சொல்ல வந்த விஷயம். முசலிப் பக்கத்தில் ஒரு கரையோர ஊர். பூவரசம்பிட்டி என்று எழுதுகிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. போருக்குப் பிறகு சனங்கள் திரும்பி வந்து கூரை போட்டிருந்தார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். கடல்தொழில், கொஞ்சம் வயல், கொஞ்சம் உழுந்து. தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருந்து திரும்பிய குடும்பங்களும் இருந்தன. ஊரின் தெற்கு விளிம்பில் முட்கம்பி அடித்த ஒரு பெரிய காணி. ஒரு காலத்தில் அங்கே படைமுகாம் இருந்தது. இருந்தவர்கள் போய்விட்டார்கள், கம்பி போகவில்லை. மண்டையோடு வரைந்த மிதிவெடிப் பலகை ஒன்று ஒரே ஆணியில் தொங்கியது. வெடி அகற்றியாயிற்று என்று சிலர் சொன்னார்கள். அகற்றியதாக எழுதிய தாளைக் கண்டவர் இல்லை.

ஒரு மாரிக்கால ஆரம்பத்தில் உழுந்துத் தோட்டங்களைப் பார்க்கப் போனபோது, ஊர் ஒழுங்கைத் தெருவின் இரு கரையிலும் பார்த்தீனிய நாற்றுகளைக் கண்டேன். தரையோடு ஒட்டிய இலைவட்டங்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவற்றின் வழியே நடந்தேன். எனக்கு விளங்கவில்லை. காற்றில் பரவினால் செடி விசிறிபோல முளைக்கும். வெள்ளத்தில் வந்தால் வாய்க்காலைப் பிடித்து வரும். மாட்டோடு வந்தால் பட்டியைச் சுற்றி நிற்கும். இது ஒழுங்கையோடு நேராகப் போய், சந்தியில் செங்கோணத்தில் திரும்பி, கடற்கரை வீதியால் போய், மறுபடி ஊருக்குள் வந்தது. நான்கு இடங்களில் மட்டும் பாய் விரித்ததுபோல் அடர்த்தி. இறங்குதுறைப் பாதையில் ஒன்றுகூட இல்லை. தொடர்ந்து நடந்தவன் கோயில் வாசலில் வந்து நின்றேன்.

மூப்பர் சூசைதாசன் கோயில் கதவின் திறப்புக்கொத்தோடு வெளியே வந்தார். ஊர்க் கோயிலின் பொறுப்பு அவரிடம்தான்.

"என்ன ஐயா, நிண்டு நிண்டு வாறியள்? தவக்காலம் வர முதலே சிலுவைப்பாதையோ?"

"மூப்பர், இந்த வழியால என்ன போனது?"

அவர் திரும்பி ஒழுங்கையைப் பார்த்தார்.

"மாசித் திருவிழாவில நற்கருணைப் பவனி போனது. நாலு இடத்தில சுவாமி நிண்டு ஆசீர்வாதம் குடுத்தவர். பெட்டைப்பிள்ளையள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னுக்குப் பூத் தூவிக்கொண்டு போனதுகள்."

"அந்த நாலு இடத்திலயும் கூடத் தூவினவையோ?"

"பின்னே? ஆண்டவர் நிக்கிற இடமெல்லே."

"என்ன பூ?"

"ரோசாவும் மல்லிகையும் இஞ்ச ஆர் வச்சிருக்கினம்? சின்ன வெள்ளைப் பூ. இந்தியாக்காரிதான் கடகம் கடகமாப் புடுங்கிக் குடுத்தவ. மரியபுஷ்பம்."

மரியபுஷ்பத்தின் வீடு ஊரின் கடைசி வீடு. பின்வளவு முடியும் இடத்தில் அந்தக் கம்பி தொடங்கியது. நாற்பதைத் தாண்டிய பெண். கணவர் தமிழ்நாட்டு முகாமிலேயே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. திரும்பி வந்து பல தடவை அலைந்து, தாய் தகப்பன் இருந்த அந்தத் துண்டுக் காணிக்குத் தன் பெயரில் அனுமதிப்பத்திரம் எடுத்திருந்தார். கடற்கரை வாடியில் வலையிலிருந்து நண்டு கழற்றுவது அவர் தொழில். நான் போனபோது ஆண்களின் முழுக்கைச் சட்டை ஒன்றைச் சேலைக்கு மேல் போட்டிருந்தார். கழுத்தும் முன்கையும் கறுத்து, தடித்து, வெடித்திருந்தன. கண்ணிமைகள் வீங்கியிருந்தன.

"திருவிழாவுக்குப் பூப் புடுங்கினது நீங்களோ?"

"ஆமாங்க" என்றவர் உடனே, "ஓம் ஐயா" என்று திருத்தினார். "நாக்கு இன்னும் அங்கதான் நிக்குது. மூப்பர் நக்கலடிக்கிறவர். இந்தா, கம்பியோரத்திலதான் புடுங்கினனான். அங்க இந்தியாவில, காம்ப்பில எங்கட சின்னக் கோயிலுக்கும் இந்தப் பூத்தான். வேற என்ன இருந்தது? வேண்டாமெண்டு யேசப்பர் சொல்லேல்லையே."

"கை எப்ப தொடக்கம் இப்பிடி?"

"அங்கயே கொஞ்சம் கடிச்சது. இஞ்ச வந்து கூடிப்போச்சு. நண்டுத்தண்ணி எண்டு நினைச்சன். இப்ப மூச்சும் இழுக்குது. ஆசுப்பத்திரியில ஒவ்வாமையாம். எது ஒத்து வரேல்லையோ அதுக்குக் கிட்டப் போகாதேங்கோ எண்டு சொல்லிச்சினம். எதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

எது என்று நான் சொன்னேன். அதன் பூந்தூள் காற்றில் வரும், தொட வேண்டியதுகூட இல்லை என்பதையும் சொன்னேன். அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகக் கிடந்தது.

"அப்ப இது போகோணும். இல்லாட்டி நான் போகோணும். அப்பிடித்தானே ஐயா?"

அப்படித்தான்.

இராசநாயகம் மறுநாளே வந்தார். ஒழுங்கையில் ஒன்று, மரியபுஷ்பத்தின் வளவில் ஒன்று, கம்பியோரத்தில் ஒன்று எனச் செடிகளைப் பிடுங்கித் தாளில் வைத்தார். ஊரார் சுற்றி நின்றார்கள். அதற்குள் கதை பரவிவிட்டது. விதை இந்தியாவிலிருந்து மரியபுஷ்பத்தின் மூட்டை முடிச்சோடு வந்ததாம்.

"அங்கயிருந்து சீலை கொண்டுவருவினம், பாத்திரம் கொண்டுவருவினம். இவ நோயைக் கொண்டுவந்திட்டா" என்றார் சூசைதாசன். மரியபுஷ்பம் தன் வேலிப் படலைக்குள் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இராசநாயகம் கம்பிக்கு அப்பால் காட்டினார். பச்சைச் செடிகளுக்கிடையே போன பருவத்தினதும் அதற்கு முந்திய பருவங்களினதும் காய்ந்த தண்டுகள் நரைத்துப்போய் நின்றன.

"மூப்பர், அவ வந்து எவ்வளவு காலம்?"

"போன வரிசம்."

"அந்தக் காய்ஞ்ச தடியளுக்கு வயசு அதைவிடக் கூட. மிதிவெடிப் பலகைக்கு அங்கால போய் அவ விதைச்சவவோ?"

"அப்ப எப்பிடி வந்தது?"

"எப்பிடி வந்ததெண்டது சரித்திரம். எங்க நிக்குதெண்டதுதான் வேலை. நாளைக்கு ஒழுங்கையைத் துப்புரவாக்குவம். ஆள் தாறியளோ?"

சூசைதாசன் ஆள் தந்தார். தானும் வந்தார். அதை எழுத வேண்டும். இராசநாயகம் செய்முறையைச் சொல்லிச் செய்வித்தார். மண் ஈரமாக இருக்கும்போது, பூக்குமுன், தண்டின் அடியைப் பிடித்து வேரோடு இழுக்க வேண்டும். கையுறை இல்லாதவர் கைக்குப் பொலித்தீன் பை கட்ட வேண்டும். வாயையும் மூக்கையும் ஈரத்துணியால் மூட வேண்டும். பிடுங்கியதை இழுத்துக்கொண்டு போகக்கூடாது. நுனி உள்ளே, வேர் வெளியே இருக்கும்படி வட்டமாக அடுக்க வேண்டும். காய்ந்த பின் வீடுகளுக்குக் காற்றுக்கீழ்ப் பக்கம் கொண்டு போய்க் கிடங்கில் எரிக்க வேண்டும். மரியபுஷ்பம் படலைக்குள் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தார். பவனி போன வழி முழுவதும் அன்று துப்புரவானது.

மிச்சமிருந்தது கம்பிக்கு உட்பட்ட காணி.

அதற்காக ஒரு கூட்டம் நடந்தது. வந்திருந்த திணைக்களங்களின் பெயர்களை எழுதவில்லை. யார் எதைச் சொன்னார் என்று மாற்றி எழுதினாலும் செய்தியில் பிழை வராது. ஒருவர், காணியை எப்போதோ ஒப்படைத்தாயிற்று என்றார். ஒப்படைக்கப்பட்டவர், தாங்கள் இன்னும் பாரமெடுக்கவில்லை என்றார். மூன்றாமவரின் வரைபடத்தில் அது கடலாக இருந்தது. நான்காமவர், வெடி அகற்றிய சான்று இல்லாமல் தன் ஆட்களை விட முடியாது என்றார். சான்று கேட்டு விண்ணப்பிக்கக் காணிக்குப் பொறுப்பானவரின் கையெழுத்து வேண்டும் என்றும் சொன்னார். செடியை அழிக்கும் கடமை எங்கள் திணைக்களத்துடையது என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

இராசநாயகம் எழுந்தார்.

"சட்டப்படி காணி வைச்சிருக்கிறவருக்கு நான் அறிவித்தல் குடுக்கவேணும். தவணைக்குள்ள அவர் அழிக்காட்டி நான் உள்ளுக்குப் போய் அழிக்கலாம். அறிவித்தலில ஆரின்ர பெயரை எழுத?"

தலைமை வகித்தவர், சம்பந்தப்பட்ட திணைக்களம் உரிய நடவடிக்கை எடுக்கும் என்று முடிவு சொன்னார்.

"சம்பந்தப்பட்ட திணைக்களத்தின்ர பெயரைச் சொல்லலாமோ?"

"இராசநாயகம், ரோல்ஸ் ஆறப்போகுது. எடுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். இராசநாயகம் உட்கார்ந்தார். தேநீரோடு தட்டில் வந்த ரோல்ஸை எடுக்கவில்லை.

சோளகக் காற்று தொடங்கியது. அது தென்மேற்கிலிருந்து, கம்பிக் காணியின் மேலாக, நேரே மரியபுஷ்பத்தின் வீட்டுக்குள் அடிக்கும். இரண்டு முறை மூச்சிழுத்து அவரை ஆசுப்பத்திரியில் தங்க வைத்தார்கள். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு பேசாலையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த மாரிக்கு அவர் வளவு முழுவதும் பார்த்தீனியம் எழும்பியது. ஆள் நடமாட்டம் இல்லாத இடம் அதற்குப் பிடிக்கும்.

இராசநாயகம் அதைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். கம்பிக் காணிக்குள் எங்களால் நுழைய முடியாது, ஏனெனில் அதற்குப் பெயர் இல்லை. மரியபுஷ்பத்தின் காணிக்குப் பெயர் உண்டு. அவருக்கு அறிவித்தல் கொடுத்தால், தவணை முடிந்ததும் எங்கள் கூலியாட்களோடு நாங்களே உள்ளே போய்ப் பிடுங்கலாம். கம்பியோரம் உயரமாகத் தகரம் அடிக்கலாம். வடக்கிலிருந்து வாடைக்காற்று வீசும் மாதங்களிலாவது அவர் தன் வீட்டில் இருக்கலாம். அறிவித்தல் அவருக்குத் தண்டனை அல்ல. அது எங்களுக்கு வாசல்.

"நீர் கையில கொண்டு போய்க் குடும். தபாலில போடாதையும். விளங்கப்படுத்திச் சொல்லும்" என்றார்.

பேசாலையில், தங்கச்சி வீட்டு முற்றத்தில் அவர் வலைத் துண்டொன்றை மடித்துக்கொண்டிருந்தார். கழுத்துத் தோல் சற்று ஆறியிருந்தது. மூச்சுச் சீராக இருந்தது. நான் உட்கார்ந்து, மெதுவாக, இரண்டு தரம் சொன்னேன்.

"இதில உங்களில ஒரு பிழையும் இல்லை. நாங்கள் உங்கட வளவுக்குள்ள வாறதுக்கு இந்தத் தாள் வேணும். நீங்கள் ஒண்டும் செய்யாமல் இருந்தால் போதும். தவணை முடிய நாங்களே புடுங்குவம். நீங்கள் அந்தப் பக்கம் வரவே கூடாது."

தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அரசாங்கத்தின்ர முத்திரை இருக்கு."

"ஓம்."

"என்ர பெயரும் இருக்கு. செய்யத் தவறினால் எண்டு என்னமோ போட்டிருக்கே, ஐயா."

"அது எல்லாருக்கும் எழுதுறது."

"அக்கா, ஐயா சொல்லுறார்தானே. நீ பேசாமல் இரு" என்றார் தங்கச்சி, குசினிக்குள்ளிருந்து.

"உனக்குத் தெரியாது. நீ காம்ப்பில இருக்கேல்லை" என்றார் மரியபுஷ்பம். பிறகு என்னைப் பார்த்து, "அங்க தாள் வந்தால் ஆள் நேர நிக்கோணும் ஐயா. ஒருக்கா நான் காய்ச்சலில படுத்திட்டன். வராட்டிப் பரவாயில்லை எண்டு ஒரு நல்ல அதிகாரிதான் சொன்னவர். மற்ற நாள் பாத்தால் பெயரை வெட்டிக் கிடக்கு. திரும்பப் பெயரை ஏத்திறதுக்குள்ள அவர் செத்துப்போனார்" என்றார். அவர் என்றது கணவரை.

"இது காம்ப் இல்லை. இது உங்கட காணி" என்றேன்.

"ஓம்" என்றார். தாளை நான்காக மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார்.

தவணை முடிந்த மறுநாள் காலையில் இராசநாயகம், நான், நான்கு கூலியாட்கள், கையுறை, பைகள், தகரம் எல்லாவற்றோடும் பூவரசம்பிட்டிக்குப் போனோம். படலை திறந்து கிடந்தது. வளவில் ஒரு செடியும் நிற்கவில்லை. கிணற்றடியிலிருந்து கம்பிவரை தரை வெறுமையாக, வேர் பிடுங்கிய சிறு குழிகளோடு கிடந்தது. வட்டமான குவியல்கள், ஒன்றுக்கொன்று ஒரே தூரத்தில். நுனி உள்ளே, வேர் வெளியே.

மரியபுஷ்பம் கிணற்றுக்கட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் பஸ்ஸில் வந்தவர் என்று பிறகு அறிந்தோம். இரண்டு கைகளிலும் பொலித்தீன் பை, நண்டுவலை நூலால் மணிக்கட்டில் கட்டியிருந்தது. வாயை மூடியிருந்த சேலைத்தலைப்புக் காய்ந்து நழுவியிருந்தது. மூச்சு விசில்போலக் கேட்டது; படலையிலேயே கேட்டது. முகம் வீங்கிக் கண்கள் கோடாகத் தெரிந்தன.

இராசநாயகம் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"ஏன் பிள்ளை வந்தனீர்? ஏன் வந்தனீர்?"

அவரால் உடனே பேச முடியவில்லை. பேசியபோது சொற்களுக்கிடையே நீண்ட இடைவெளி இருந்தது.

"முடிச்சிட்டன், ஐயா. ஒண்டும் மிச்சமில்லை. எழுதிக்கொள்ளுங்கோ. பெயரை வெட்டமாட்டியள்தானே?"

"இல்லை. ஒருத்தரும் வெட்டமாட்டினம்" என்றார் இராசநாயகம்.

வாகனத்தில் அவரைத் தாங்கிக்கொண்டு நான் போனேன். வழி முழுவதும் அவர் சட்டைப் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார். அனுமதிப்பத்திரத்தின் பிரதி அதற்குள் இருந்தது. ஆசுப்பத்திரியில் முகமூடி வைத்தார்கள், ஊசி போட்டார்கள். அந்த வாரம் முடியுமுன் இறந்துபோனார்.

அன்று அவரை ஆசுப்பத்திரியில் விட்டுவிட்டு நான் பூவரசம்பிட்டிக்குத் திரும்பியபோது குவியல்களை எல்லாம் பைகளில் கட்டியாகிவிட்டது. கூலியாட்கள் ஒழுங்கையில் குந்தியிருந்தார்கள். இராசநாயகம் கம்பியோரத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு, மண்ணில் குப்புறப் படுத்திருந்தார். கடைசிக் கம்பிக்குக் கீழே தோள்வரை கையை விட்டு, அப்பாலுள்ள செடியை வேரோடு பிடுங்கி இழுத்தார். வைத்தார். அடுத்ததற்கு நகர்ந்தார். சட்டைக் கை முட்கம்பியில் கிழிந்திருந்தது. நான் பக்கத்தில் போய்ப் படுத்து அதையே செய்தேன். மாலையில் எழுந்து பார்த்தபோது, கம்பி நெடுகிலும் அப்பக்கம் ஒரு கை நீளத்துக்கு வெறுந்தரை தெரிந்தது. அதற்கு அப்பால் வெள்ளைப் பூ, மாறாமல்.

வாகனத்தின் படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். ஒன்றோடொன்று தட்டினார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் தட்டினார். சாரதி காத்திருந்தார்.

மரியபுஷ்பத்தைப் பேசாலைச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். பூவரசம்பிட்டியிலிருந்து சூசைதாசன் ஒரு வேனில் ஆட்களைக் கூட்டிவந்திருந்தார். பெட்டியைச் சுற்றி வைப்பதற்குப் பெண்கள் வெள்ளைக் கடதாசியில் பூச் செய்து கொண்டுவந்தார்கள். மூப்பர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து, கடதாசிதான் என்று உறுதிப்படுத்திய பிறகே வைக்க விட்டார். என்னைக் கண்டதும், "நான் பகிடிக்குத்தான் சொல்லுறனான் ஐயா, இந்தியாக்காரி எண்டு" என்றார். நான் தலையசைத்தேன்.

இராசநாயகம் மேலிடத்துக்கு எழுதினார். நேரிலும் போனார். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். ஒரு கட்டத்தில் அவர் எழுந்ததுமே சிரிக்கத் தொடங்கினார்கள். தகரம் அடித்தோம், ஒரு கச்சான் காற்றில் அது பறந்துபோனது.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு துஷ்யந்திக்கு அழைப்பு எடுத்தேன்.

"ஐயா, நல்லவேளை எடுத்தியள். அந்தக் காணிக்காரி மரியபுஷ்பத்துக்கு அறிவித்தல் ரெடியாகீட்டுது. போனே தானா அடிச்சுத் தருது. இப்ப அவ எங்க இருக்கிறா?"

"பேசாலைச் சேமக்காலையில."

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். கம்பி இன்னும் நிற்கிறதா என்று கேட்டேன்.

"நிக்குது, ஐயா. அங்கால முழுக்க இதுதான். அதையும் படமெடுத்துப் போட்டுப் பாத்தனான். ரெண்டு மூண்டு தரம் போட்டன். போகுதில்லை."

"ஏன்?"

"அந்தக் காணிக்கு ஒரு பெயரும் வருகுதில்லை, ஐயா."